வன்னியில் கைவிடப்பட்ட வீதியொன்றைத் தனியே பார்க்கப் போகிறீர்களா? ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் காரணமில்லாமல் கைவிடப்பட்ட வீதி என்று ஒன்று கிடையாது. சனம் இடம்பெயர்ந்து திரும்பாததால் ஒன்று பற்றைக்குள் மறைந்திருக்கும். வெள்ளம் மதகை அள்ளிக்கொண்டு போனதால் இன்னொன்று நின்றுபோயிருக்கும். புதுத் தார் வீதி வளைவை நேராக்கிக்கொண்டு போனதில் பழைய துண்டு ஓரத்தில் தனித்துக் கிடக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்: வெடித்த தார், இரண்டு பக்கமும் விடத்தல் முட்பற்றை, நடுவில் மாட்டுச் சாணி. ஆனால் எதனால் விடுபட்டது என்பதைப் பொறுத்து ஒன்று காலைநேர உலாவாக இருக்கும், மற்றது காலையே பறித்துவிடும்.

ஏ9 நெடுஞ்சாலை வழியாகச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ நெடுந்தூரம் தனியே போகிறவர், இடையில் ஒரு நாளை ஒதுக்கிப் பழைய வீதி ஒன்றுக்குள் இறங்கிப் பார்க்க நினைத்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த வீதி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு மாரி போனால் வீதியின் நிலை மாறிவிடும்; போன வருடம் ஒருவர் போய் வந்தது இந்த வருடம் உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. அதோடு, பெயர் வெளியே போனால் புதையல் தோண்டுகிறவர்களும் மரம் அரிகிறவர்களும்தான் முதலில் வந்து சேருவார்கள்.

முதல் வேலை: ஏன் விடுபட்டது என்று கண்டுபிடிப்பது

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல் ஓடுகிற ஏ9 யுத்த காலத்தில் பல வருடங்கள் மூடிக் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்தோடு திறந்தார்கள், 2006 ஓகஸ்ட்டில் திரும்ப மூடினார்கள், 2009க்குப் பிறகுதான் நிரந்தரமாகத் திறபட்டது. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் போனது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகும் ஏ34, பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் ஏ35, மன்னாரிலிருந்து பூநகரி போகும் ஏ32 எல்லாம் இன்று நல்ல கார்பெட் வீதிகள். ஆனால் இந்தப் பெருவீதிகளுக்கு இடையில் குளத்துக்குக் குளம், ஊருக்கு ஊர் ஓடிய கிறவல் வீதிகளிலும் வண்டில் பாதைகளிலும் பல திரும்பி வரவில்லை. நீங்கள் தேடுவது அவற்றில் ஒன்றைத்தான்.

காரணங்களை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, புது வீதி போட்டதால் தனித்த துண்டு. புதுப் பாலத்துக்குப் பக்கத்திலேயே பழைய பாலம் நின்றால் பெரும்பாலும் இதுதான். ஆபத்து குறைவு. முதல் தடவை போகிறவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது, தண்ணீர். குளக்கட்டை உயர்த்தியதாலோ, ஆறு மதகைப் பெயர்த்ததாலோ வீதி அறுந்திருக்கும். கோடையில் நடந்து கடக்கலாம், மாரியில் கிட்டவும் போகக்கூடாது. கனகராயன் ஆறும் பாலி ஆறும் பறங்கி ஆறும் ஆவணியில் வெறும் மணலாகக் கிடக்கும். கார்த்திகையில் அதே இடத்தில் உழவு இயந்திரத்தையே உருட்டிவிடும்.

மூன்றாவது, காடு. வனவளத் திணைக்களமோ வனஜீவராசிகள் திணைக்களமோ எல்லை போட்ட இடத்துக்குள் வீதி போனால் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். மன்னாரிலிருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டிப் புத்தளம் நோக்கிப் போகும் பழைய வீதி வில்பத்து தேசியப் பூங்காவுக்குள்ளால் போவது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளும் நடையும் உங்கள் விருப்பம் அல்ல.

நான்காவது, யுத்தம். இதுதான் வன்னியில் அதிகம், இதுதான் மிகவும் சிக்கல். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 வரை தவணை. பெரும் பகுதி முடிந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் துப்புரவு செய்கிறவர்கள் முதலில் எடுப்பது சனம் குடியேறுகிற காணியையும் வயலையும்தான். ஆளில்லாத வீதி வரிசையில் கடைசியாகத்தான் வரும். வீதிக்குக் குறுக்கே நீளமான மண் அணை ஒன்று ஓடினால், இன்று அதன்மேல் புல் முளைத்து ஆடு மேய்ந்தாலும், அது ஒரு காலத்தில் யுத்த முன்னரங்கு. அந்த இடத்தோடு திரும்பிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

வரைபடத்தில் தேடுவது

நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய வரைபடங்களில் யுத்தத்துக்கு முந்திய வீதி, வண்டில் பாதை, கைவிட்ட குளம் எல்லாம் பெயரோடு இருக்கும். பிறகு வந்த 1:50,000 வரைபடத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன கோடுதான் உங்கள் வீதி. அடுத்து கூகிள் ஏர்த்தில் அதே இடத்தைப் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களில் பாருங்கள். மழைக்காலப் படம் எல்லாவற்றையும் பச்சையால் மூடிவிடும். ஜூலை, ஓகஸ்ட் படம்தான் உதவும்: காட்டுக்குள் வெளிறிய நேர்கோடு ஒன்று தெரிந்தால் அது வீதி. கோடு வளைந்து நெளிந்து ஒரு குளத்தில் போய் முடிந்தால் அது மாட்டுத் தடமாக இருக்கலாம், யானைத் தடமாகவும் இருக்கலாம்.

வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், கடதாசியிலும் ஒன்று வையுங்கள். ஏ9ஐ விட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே போனால் சிக்னல் வரும், போகும், நம்ப முடியாது. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் இருந்தால் நல்லது.

ஆட்களிடம் கேட்பது

வரைபடத்தைவிட இதுதான் முக்கியம். யாரிடம், என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சந்திக் கடையில் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "அங்கால ஒண்டும் இல்லைத் தம்பி, காடுதான்" என்பார்கள். பொய் இல்லை, ஆனால் உதவாது. நீங்கள் தேட வேண்டியவர் பட்டிக்காரர், அதாவது மாடு வைத்திருப்பவர். அடுத்தது விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள். இவர்கள்தான் இன்று, நேற்று, போன கிழமை என்று அந்த வீதியைக் கண்டவர்கள்.

"மிதிவெடி இருக்குதோ?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். சிலர் பயமுறுத்துவார்கள், சிலர் வீரம் பேசுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "ஐயா, உங்கட மாடு அங்கால மேயப் போறதோ?" போகிறது என்றால், எதுவரை என்று கேளுங்கள். "பழைய மதகு மட்டும் போகும், அதுக்கங்கால விடுறேல்லை" என்று பதில் வந்தால் உங்கள் பயணமும் பழைய மதகோடு சரி. மாடு ஒன்றின் விலை அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் மாட்டை நம்பி விடுகிறாரோ அதுதான் உங்கள் எல்லை. ஏன் விடுவதில்லை என்பதையும் கேட்டு வையுங்கள். மிதிவெடிக்காகவும் இருக்கலாம், தனியன் யானைக்காகவும் இருக்கலாம், பக்கத்துக் காணிக்காரரோடு கோபமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: "இந்த வீதியால கடைசியா பஸ் எப்ப ஓடினது?" பேச்சு இதில்தான் திறக்கும். எந்த வருடம் இடம்பெயர்ந்தார்கள், எந்த வீட்டில் கடை இருந்தது, எந்தப் புளியமரத்தடியில் பஸ் நின்றது என்று வயதானவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அவசரப்படாமல் ஒரு பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் புளியமரம் பிறகு காட்டுக்குள் உங்களுக்கு அடையாளமாக வரும்.

கிராம அலுவலரையும் ஒருமுறை சந்தியுங்கள். எந்தக் காணி விடுவிக்கப்பட்டது, எது இன்னும் துப்புரவாக்கப்படவில்லை என்பது அவருடைய அலுவலகத்தில் தெரியும். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கே ஏறுவீர்கள் என்று ஓர் ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். கடைக்கார அம்மாவாக இருந்தாலும் போதும், ஆனால் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அவர் பொலிசுக்குச் சொல்லிவிட்டால் வீண் அலைச்சல்.

எப்போது போவது

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. மாரி ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், நிலம் காய்ந்திருக்கும். ஒக்ரோபர் தொடங்கி ஜனவரி வரை வேண்டாம். வைகாசி வெயிலில் தார் உருகும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று எதிரே அடிக்கும், குளங்கள் வற்றத் தொடங்கும், எஞ்சிய தண்ணீருக்கு யானைகள் ஒரே இடத்தில் கூடும். பாலைப்பழம் பழுக்கிற காலமும் அதுதான். பாலை மரத்தடிக்கு உங்களுக்கு முன்பே கரடி வந்திருக்கும்.

சாமான்

நெடுந்தூரப் பயணத்தின் பொதி முழுவதையும் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. தங்கும் இடத்திலோ கடையிலோ வைத்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர்தான் பெரிய சுமை: ஆளுக்கு ஐந்து லீற்றருக்குக் குறையாமல். சாப்பாட்டுக்கு றொட்டியும் மாசிச் சம்பலும், இல்லாவிட்டால் கச்சானும் பனங்கட்டியும். வெயிலில் பழுதாகாதது எதுவானாலும் சரி. முழுநீளக் காற்சட்டை, கணுக்கால் மூடும் சப்பாத்து, நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடி, ரோச், விசில், அடையாள அட்டை.

சைக்கிள் என்றால் விடத்தல் முள்ளுக்குத் தயாராக இருங்கள். இரண்டு ரியூப், சொலூஷன், பம் கட்டாயம். மண்வெட்டி, அலவாங்கு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் கொண்டுபோகாதீர்கள். புதையல் தோண்டுவது குற்றம். கருவியோடு காட்டுக்குள் பிடிபட்டால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. ட்ரோனும் வேண்டாம், அனுமதி எடுப்பதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துவிடும்.

இறங்கும் நாள்

காலை ஆறரைக்கு முதல் இறங்காதீர்கள், மூன்று மணிக்குப் பிறகு உள்ளே நிற்காதீர்கள். விடியலும் மாலையும் யானைக்கு உரிய நேரம். பற்றை மண்டிய வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணிக்கு இரண்டு கிலோமீற்றர் போனால் அதுவே கெட்டித்தனம். ஆகவே பத்தரை மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள், மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தாலும். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வண்டியை வாசலில் விட்டுவிட்டு நடப்பது மேல். எஞ்சின் சத்தத்தில் காட்டின் சத்தம் எதுவும் கேட்காது.

வன்னியில் காட்டுக்குள் இறங்குமுன் ஒரு கொப்பை முறித்து மரத்தடியில் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ வைத்துக் கும்பிடுவது வழக்கம். நம்பிக்கை இல்லாதவரும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். வாடிய கொப்பும் பச்சைக் கொப்பும் எத்தனை கிடக்கின்றன என்று பார்த்தாலே அந்தப் பாதையில் ஆள் போகிறதா என்று தெரியும்.

உள்ளே வந்தபின் ஒரே சட்டம்: வீதியின் நடுமேட்டை விட்டு இறங்காதீர்கள். தார் போயிருந்தாலும் அடியில் அடுக்கிய கல் தடியால் தட்டினால் 'டக்' என்று கேட்கும். சத்தம் மழுங்கினால் வீதியை விட்டு விலகிவிட்டீர்கள். ஓரக் கான் மூடுண்டு இரு பக்கமும் பள்ளமாகத் தெரியும். இரண்டு பள்ளத்துக்கும் நடுவே நில்லுங்கள். சலம் கழிக்கக்கூடப் பற்றைக்குள் போகாதீர்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, வீதியிலேயே முடியுங்கள்.

மைல்கட்டை கண்டால் நின்று பாருங்கள். இலங்கை 1970களில் மெற்றிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. மைல் எண் பொறித்த கல் பெரும்பாலும் அதற்கு முந்தியது. இந்தப் பக்கத்துப் பாதைகளின் வயது அதைவிடவும் அதிகமாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தே போனார்கள். எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே போய்விட்டார்கள். மேற்கு வன்னியில் கைவிட்ட பாதை ஒன்றில் நடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது மதகு. உடைந்த மதகுக்கு மேல் ஊர்ச்சனம் பனங்குற்றி போட்டிருப்பார்கள். பனையின் வைரம் வெளியேதான், உள்ளே இருப்பது மெத்தென்ற சோறு. வெளியே கறுப்பாய், இரும்பாய்த் தெரிகிற குற்றிக்குள் கறையான் முழுவதையும் தின்று முடித்திருக்கும். கால் வைக்குமுன் மூன்று இடத்தில் தட்டுங்கள்: இரு முனையிலும் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. முனையில் கெட்டியாகவும் நடுவில் பறைபோலவும் கேட்டால் அது உங்களைத் தாங்காது. கோடையென்றால் தண்ணீர் இல்லாத ஆற்று மணலில் இறங்கிக் கடக்கலாமே என்று தோன்றும். யுத்தத்தால் விடுபட்ட வீதியில் அதையும் செய்யாதீர்கள். வெள்ளம் மேலிருந்து எதைக் கொண்டுவந்து போட்டதென்று யாருக்கும் தெரியாது. மதகுக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் வேண்டாம். முள்ளம்பன்றி இருந்தால் சரி, கரடி படுத்திருந்தால்?

மிதிவெடியும் கட்டுத்துவக்கும்

சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அதற்கு விளக்கம் தேவையில்லை. பலகை இல்லாத இடம்தான் பிரச்சினை. மாடு உரசி விழுத்தியிருக்கும், கறையான் அரித்திருக்கும், யாரோ கழற்றிக் கொண்டுபோயிருப்பார்கள். சிவப்பு பூசிய தடிகள், மரத்தில் கட்டிய நாடா, மண்ணால் நிரம்பிய பதுங்குகுழி, துருப்பிடித்த முட்கம்பி, பல வருடமாக யாரும் பழம் பொறுக்காத மாமரம், இவற்றில் எதுவும் நின்று யோசிக்க வேண்டிய அடையாளம்.

சந்தேகமான பொருள் ஒன்று கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். வந்த அடிச்சுவட்டிலேயே பின்னால் போங்கள். நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு மிதிவெடியைவிட அதிகம் பயப்பட வேண்டியது கட்டுத்துவக்குக்குத்தான். பன்றிக்கும் மரைக்கும் வேட்டைக்காரர் கட்டி வைக்கும் துவக்கு அது. தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி ஓடும்; அதில் கால் பட்டால் வெடிக்கும். தடியை முன்னால் நீட்டி, கீழிருந்து மேலாக மெதுவாகத் தூக்கிக்கொண்டு நடப்பது இதற்காகத்தான். தோட்டம் அருகே விலங்குக்குப் போட்ட மின்கம்பியும் இருக்கும். யானைவேலியைத் தாண்ட வேண்டிய இடத்தில் படலை இருந்தால் மட்டும் தாண்டுங்கள்.

எதிர்பாராத இடத்தில் புது உழவு இயந்திரச் சில்லுத் தடமோ, புகையோ, கசிப்பு (கள்ளச்சாராய) நாற்றமோ வந்தால் உடனே திரும்புங்கள். அங்கே இருப்பவர்கள் உங்களைச் சுற்றுலாப் பயணியாக நினைக்க மாட்டார்கள்.

யானை, கரடி, பாம்பு

யானை இலத்தி கண்டால் தடியால் கிளறுங்கள். உள்ளே ஈரமும் சூடும் இருந்தால் அது பக்கத்தில்தான் நிற்கிறது. கூட்டத்தைவிடத் தனியன் ஆபத்து. ஆள் வருகிறது என்று தூரத்திலேயே தெரிந்தால் கரடியும் யானையும் பெரும்பாலும் விலகிவிடும், ஆகவே வாய்விட்டுப் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ நடங்கள். ஆனால் யானையைக் கண்ட பிறகு சத்தம் கூடாது. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்து, உங்கள் மணம் அதற்குப் போகாத பக்கமாக, வந்த வழியே பின்வாங்குங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள்.

பாம்பில் பயப்பட வேண்டியது கண்ணாடிப் புடையனுக்கு. சருகுக்குள் சருகாகவே கிடக்கும். கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், மணிக்கூடு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்திருங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கம். சிக்னல் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அடியுங்கள். வவுனியா, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவில் மாஞ்சோலை, இவை மாவட்ட வைத்தியசாலைகள். அங்கே கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வீடும் கிணறும்

காட்டுக்குள் திடீரென்று புளி, தேசிக்காய், முருங்கை மூன்றும் சேர்ந்து நின்றால் அங்கே ஒரு வளவு இருந்தது. கட்டு இடிந்த கிணறு புல்லுக்குள் வாய் திறந்து கிடக்கும். வளவுக்குள் கால் வைக்காமல் இருக்க அது ஒன்றே போதுமான காரணம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், யுத்த காலத்தில் கிணறுகளுக்குள் எதை எதையோ போட்டார்கள். வளவோரம் கிடக்கும் ஒரு கோப்பையைக்கூட எடுத்து வராதீர்கள். சொந்தக்காரர் கிளிநொச்சியிலோ கனடாவிலோ உயிரோடு இருக்கலாம். காணி உறுதி இன்னும் அவர் பெட்டிக்குள் இருக்கலாம்.

மண்ணில் எலும்போ உடுப்போ தெரிந்தால் மண்ணைக் கிளறாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக வீதியோரம் தோண்டியபோதுதான் மனிதப் புதைகுழி ஒன்று வெளியே வந்தது. இது கற்பனை எச்சரிக்கை அல்ல.

வெளியே வந்தபின்

முதலில், சொல்லிவிட்டுப் போன ஆளிடம் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பிறகு உடுப்பை உதறிக் குளியுங்கள். முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கும், சிறு இடுக்கியால் தலையோடு பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். இரவு தங்கக் காடு வேண்டாம்; ஏ9இல் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி மூன்றிலும் அறை கிடைக்கும், மடுமாதா கோயில் பக்கமென்றால் யாத்திரிகர் விடுதியில் கேட்டுப் பார்க்கலாம். ஜிபிஎஸ் தடத்தை முகநூலில் போடாதீர்கள். உடைந்த மதகு, விழுந்த மிதிவெடிப் பலகை கண்டிருந்தால் மறுநாள் புறப்படுமுன் கிராம அலுவலருக்கு இடத்தைக் காட்டுங்கள். மாடு மேய்க்க அந்தப் பக்கம் போகிற பட்டிக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.